உங்கள் பெயரை இரவல் கொடுக்காதீர்கள்

ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும், ஓசூரில் விடுதியில் தங்கிக் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் தங்கைகளுக்கும், சிறுசேரியில் பயிற்சிக் காலத்தில் இருக்கும் பொறியாளர்களுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதம்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கடன், வண்டிக் கடன் என்று கேட்டு வருகிறவர்களின் சிபில் அறிக்கையைத் திறந்து படிப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. "உங்களுக்குக் கடன் தர முடியாது தம்பி" என்று நான் சொல்ல நேர்ந்தவர்களில் ஊதாரிகள் குறைவு. பெரும்பாலும் சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்தவர்கள், நண்பனுக்கு ஒரு அவசரம் என்றதும் மறுக்கத் தெரியாதவர்கள். நல்ல பிள்ளைகள் நல்ல மனதாலேயே மாட்டிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து மனம் கனத்துப்போய் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இந்த அறிக்கையில் வரும் ஸ்கோர் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிபில் என்பது 2000-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்ட நிறுவனம். இன்று அதன் பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். இதே வேலையை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற மூன்று நிறுவனங்களும் செய்கின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள், தவணையை எப்போது கட்டினார்கள் என்ற விவரத்தை இந்த நான்குக்கும் அனுப்பியே ஆக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் அது பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று ஆனது. அந்த விவரங்களிலிருந்து 300 முதல் 900 வரை ஒரு எண் போடுகிறார்கள். 750-க்கு மேல் இருந்தால் பொதுவாக எந்த வங்கியும் தயங்காது.

அந்த எண்ணில் உங்கள் சம்பளம் சேராது. வங்கியில் இருக்கும் சேமிப்பும், வீட்டில் இருக்கும் நகையும், ஊரில் உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மரியாதையும் சேராது. பெரிய சம்பளக்காரர்கள் 620-ல் நிற்பதையும், பதினெட்டாயிரம் சம்பளத்தில் ஒரு தங்கை 790 வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். வாங்கியதைச் சொன்ன தேதியில் கட்டினீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

செய்யாறு பக்கத்துத் தம்பி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கார் கம்பெனியில் நிரந்தர வேலை. அப்பா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு இரண்டு அறை வீடு கட்ட 12 லட்சம் கேட்டு வந்தார். பட்டா, வில்லங்கச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாம் கச்சிதமாக இருந்தன. சிபில் அறிக்கையைத் திறந்தால் 611. முதல் பக்கத்தில் அவருடைய பைக் கடன். மாதாமாதம் கட்டியதைக் காட்டும் கட்டங்களில் 000, 000, 000 என்று வரிசையாக இருந்தது. ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை என்று அர்த்தம். அதற்குக் கீழே ஒரு செல்போன் கடன், 18,500 ரூபாய். முதல் நான்கு மாதம் 000. ஐந்தாவது கட்டத்தில் 028. அடுத்து 059, 089, 120 என்று ஏறிக்கொண்டே போய், கடைசியில் வாராக்கணக்கில் எழுதப்பட்டது என்ற குறிப்போடு நின்றிருந்தது. தவணை எத்தனை நாள் தவறியது என்ற கணக்கு அது. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "இது என் போன் இல்ல சார்" என்றார். உண்மைதான். அறை நண்பனுடைய போன். நண்பனிடம் சம்பளச் சீட்டு இல்லை, கடைக்காரர் இவருடைய பான் கார்டையும் ஆதாரையும் கேட்டார், இவர் கொடுத்தார், ஓடிபியும் சொன்னார். ஐந்து மாதத்தில் நண்பன் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டான். நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம், "அவன்கிட்ட சொல்லிட்டேன், கட்டிடுவான்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். போன் யார் கையில் இருந்தது என்பதற்கு அறிக்கையில் இடமே கிடையாது. ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர் யாருடையதோ, கடன் அவருடையது. அந்த வருடம் அவருக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை.

இப்படி ஒருவர் இருவர் இல்லை. விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரிக்காக எடுத்த லேப்டாப் கடன். சித்தப்பா மகன் வாங்கிய ஆட்டோவுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. ஜாமீன் போட்ட கடனும் உங்கள் அறிக்கையில் வந்து உட்காரும், அவர் கட்டத் தவறினால் அடி உங்களுக்கும் விழும். அம்மாவுக்கு ஏற்கெனவே குழுக் கடன் இருப்பதால் மகள் பெயரில் எடுத்த நுண்கடன். வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் வசூலிக்கும் அந்தக் கடனும் இன்று அறிக்கைக்குப் போகிறது. இவற்றையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. தொழிற்பேட்டைப் பக்கம் சிலர், "உன் பேர்ல ஒரு போன் எடுத்துக் குடு, தவணை நாங்க கட்டிக்கிறோம், உனக்கு மூவாயிரம் கமிஷன்" என்று வருவார்கள். போன் அன்றைக்கே கைமாறிவிடும், ஆளும் மறைந்துவிடுவான். மூவாயிரத்துக்காக ஐந்து வருட நிம்மதியை விற்காதீர்கள்.

நண்பனிடம் முடியாது என்று சொல்வது சிரமம். அப்பாவிடம் சொல்வது அதைவிடச் சிரமம், எனக்குத் தெரியும். அக்கா கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், போர்வெல் போட்ட கடன் என்று வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் சம்பளச் சீட்டு இருக்கும், அது உங்களுடையதாக இருக்கும். வீட்டுக்கு உதவாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிற யோசனையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. என் கருத்து இதுதான்: கையில் இருக்கும் பணத்தைக் கொடுங்கள், பெயரைக் கொடுக்கத் தயங்குங்கள். தவிர்க்கவே முடியாமல் உங்கள் பெயரில் கடன் எடுத்தால், அந்த நிமிடத்திலிருந்து அதை உங்கள் சொந்தக் கடனாகவே நினையுங்கள். தவணை உங்கள் கணக்கிலிருந்து உங்கள் பொறுப்பில் போகட்டும். அண்ணன் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னால் அதை அவர் உங்களிடம் தரட்டும், நீங்கள் வங்கிக்குக் கட்டுங்கள். அவர் தராத மாதத்திலும் கட்ட உங்கள் சம்பளம் தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். தங்கைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் உங்கள் பெயரில் கடன் எடுக்கும்போதும் இதே கணக்குதான். எதில் கையெழுத்து வாங்குகிறார்கள், எவ்வளவு தொகை, எத்தனை மாதம் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம். தவணைத் தேதி 5. சம்பளம் வருவது 7 அல்லது 10. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அதுவும் மாதத்துக்கு மாதம் மாறும். 5-ஆம் தேதி கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகும். கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் போடுவார், உங்கள் வங்கி இன்னொன்று போடும், அறிக்கையில் தாமதமும் ஏறும். ஏழைப் பிள்ளைகள் பணம் இல்லாமல் தவறுவதைவிட, தேதி பொருந்தாமல் தவறுவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். இப்படி டெபிட் திரும்புவது காசோலை திரும்புவதைப் போலவே குற்றவியல் வழக்காகவும் முடியலாம். 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் முறைகள் சட்டத்தில் 25-ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆகவே கடன் வாங்கும்போதே தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள்.

கிரெடிட் கார்டு பற்றிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு, ஆசை காட்டுகிறவர்களும் உண்டு. முழு பில்லையும் தேதிக்குள் கட்டுகிறவருக்கு அது வட்டியில்லாக் கடன், ஸ்கோரும் ஏறும். ஆபத்து 'மினிமம் டியூ' என்ற வரியில் இருக்கிறது. 20,000 ரூபாய் பில் வந்திருக்கிறது, மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கட்டினால் போதும் போலிருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பீர்கள். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 126 ரூபாய். ஆக நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலில் கழிவது 174 ரூபாய்தான். போதாததற்கு, பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 42 சதவீதம். ஊரில் இதைக் கந்துவட்டி என்றுதான் சொல்வோம்.

எனவே கார்டு வாங்கிய முதல் நாளே, முழுத் தொகையும் ஆட்டோ டெபிட் ஆகும்படி அமைத்துவிடுங்கள். மினிமம் டியூ என்ற தேர்வைத் தொடவே வேண்டாம். வரம்பு 50,000 என்றால் பதினைந்தாயிரத்துக்குள் செலவை நிறுத்திக்கொள்ளுங்கள். வரம்பில் முப்பது சதவீதத்துக்கு மேல் பயன்படுத்துகிறவரைக் கடனை நம்பி வாழ்கிறவராகவே ஸ்கோர் போடுகிறவர்கள் பார்ப்பார்கள். ஏதோ ஒரு மாதம் மறந்துவிட்டால் பதறாமல் அன்றைக்கே கட்டுங்கள். கடைசித் தேதியிலிருந்து மூன்று நாள் கடந்த பிறகுதான் தாமதக் கட்டணம் போடவும் சிபிலுக்குத் தாமதம் என்று சொல்லவும் கார்டு நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது. வேண்டாத கார்டைச் சும்மா போட்டு வைக்காதீர்கள், ஆண்டுக் கட்டணம் ஏறி அதுவே பாக்கியாகிவிடும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லி நீங்கள் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதியை நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்பினாலே வேலை நடக்கும்.

செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகளைப் பற்றி ஒரே வார்த்தைதான். அந்தச் செயலி எந்த வங்கிக்காக அல்லது எந்த நிதி நிறுவனத்துக்காகக் கடன் தருகிறது என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் உடனே நீக்கிவிடுங்கள். முறையாக இயங்கும் செயலிகளின் பட்டியலை 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. முறையான கடன் என்றால் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் முன்கூட்டியே காட்டுவார்கள். பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரும். ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பித்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும், பணமுடையில் அலைகிறவர் என்ற எண்ணத்தைத் தரும். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மட்டும் ஸ்கோர் குறையாது.

"எனக்கு எந்தக் கடனும் இல்லை, அதனால் ஸ்கோரே இல்லை, என்ன செய்வது?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு: பயப்படாதீர்கள். கடன் வரலாறு இல்லாதவருக்கு எண்ணுக்குப் பதிலாக -1 அல்லது என்ஹெச் என்று காட்டும். அது கெட்ட மதிப்பெண் அல்ல. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. குறைந்தபட்ச ஸ்கோர் எதுவும் கட்டாயம் இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நிதியமைச்சகமும் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஸ்கோர் ஏற்றுவதற்காகத் தேவையில்லாத கடன் வாங்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். என்னைக் கேட்டால், பதினைந்து இருபதாயிரம் சேர்ந்ததும் வங்கியில் ஒரு பிக்சட் டெபாசிட் போட்டு, அதன் பேரில் கிரெடிட் கார்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு பெரிதாகத் தேவைப்படாது, டெபாசிட்டுக்கு வட்டியும் வரும். மாதம் செல்போன் ரீசார்ஜையும் பஸ் டிக்கெட்டையும் அதில் போட்டு முழுவதுமாகக் கட்டி வந்தால் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கோர் உருவாகிவிடும். ஊர்ச் சீட்டை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் சிபிலுக்குத் தெரியாது. வங்கியில் வைத்த நகைக் கடன் தெரியும், அதையும் ஒழுங்காகத் திருப்புங்கள்.

கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு வரலாறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்பதால் பலரும் அந்தக் கடனையே மறந்துவிடுகிறார்கள். வட்டி மட்டும் மறக்காமல் ஏறிக்கொண்டிருக்கும். வங்கியிலிருந்து வரும் கடிதம் பழைய முகவரிக்குப் போகும், நீங்கள் சென்னையில் இருப்பீர்கள். தேர்தல் வரும்போதெல்லாம் கல்விக் கடன் தள்ளுபடி என்ற பேச்சு எழும். அதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தள்ளுபடி வரவில்லை, 90 நாள் கடந்துவிட்டது. கூடவே கையெழுத்துப் போட்ட அப்பாவின் பெயரும் கெட்டது. பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ கல்விக் கடன் கேட்டுப் போகும்போது அப்பாவின் அறிக்கையைக் காட்டித் தயங்குகிறார்கள். வேலை கிடைத்ததும் கிளைக்குப் போய்ப் புதிய முகவரியையும் செல்போன் எண்ணையும் கொடுங்கள். உடனே தவணை கட்ட முடியாத நிலை என்றால் அதையும் எழுத்தில் கொடுத்து, கால நீட்டிப்புக் கேளுங்கள். கேட்டு வருகிறவரை எந்த மேலாளரும் விரட்டமாட்டார். காணாமல் போகிறவர்களிடம்தான் எங்களுக்குக் கோபம் வரும்.

கெட்டுப்போன கடன் பதிவு வேலைக்கும் வினையாகிறது. ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை அவருடைய கடன் பதிவைக் காரணம் காட்டி வங்கி ரத்து செய்தது. வழக்குப் போட்டார். வங்கி செய்தது சரி என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கித் தேர்வுக்கு இரவெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

உங்கள் அறிக்கையில் தப்பும் இருக்கலாம். உங்கள் பெயரும் பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் கடன், அல்லது ஜெராக்ஸ் கடையில் விட்டுவந்த பான் நகலை வைத்து எவரோ எடுத்த கடன். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017-லிருந்து விதி. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கினால் வருடம் முழுவதும் காசில்லாமல் கண்காணிக்கலாம். தப்பு இருந்தால் இணையத்திலேயே புகார் செய்யுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள், ஏனென்றால் அவர்கள் சொல்லாமல் சிபில் எதையும் திருத்தாது. 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு சேரும். அதற்கும் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, வக்கீலும் வேண்டாம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கும்போது நல்ல ஸ்கோர்காரருக்கு 8.5 சதவீதமும், சுமாரானவருக்கு 9 சதவீதமும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடத் தவணையில் மாதம் ஏறக்குறைய 957 ரூபாய் வித்தியாசம். மொத்தத்தில் 2 லட்சத்து 30 ஆயிரம். ஒரு சமையலறையே கட்டிவிடலாம்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு ஏற்கெனவே பாக்கி விழுந்திருக்கும். அழைப்பு வந்தால் போனை அணைத்து வைத்திருப்பீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல்காரர் அழைக்கக் கூடாது. மிரட்டவோ, உங்கள் நண்பர்களுக்கு அழைத்து அவமானப்படுத்தவோ கூடாது. அப்படிச் செய்தால் பதிவு செய்துவைத்துப் புகார் கொடுங்கள். ஆனால் கடனை நேருக்கு நேர் பாருங்கள். வட்டி அதிகமானதை, பெரும்பாலும் கார்டு பாக்கியை, முதலில் முடியுங்கள். "பாதி கட்டினால் போதும், செட்டில்மென்ட் போட்டுவிடலாம்" என்று கூப்பிடுவார்கள். கையில் பணமே இல்லாதவருக்கு அது ஒரு வழிதான், மறுக்கவில்லை. ஆனால் முழுதாகக் கட்டினால் அறிக்கையில் 'மூடப்பட்டது' என்று வரும், செட்டில்மென்ட் போட்டால் 'செட்டில்டு' என்று வரும். அந்த ஒரு சொல்லை அடுத்த வங்கிக்காரர் பல வருடம் கழித்தும் படிப்பார். கொஞ்சம் அவகாசம் கேட்டாவது முழுதாகக் கட்டப் பாருங்கள்.

கட்டி முடித்த அன்று, பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூ சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கடன் எண், கட்டிய தொகை, தேதி மூன்றும் அதில் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் 'மூடப்பட்டது' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். மாறவில்லையென்றால் அந்தச் சான்றிதழை இணைத்துப் புகார் போடுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்